கிட்டே வந்ததை எட்டாத லென்ஸ்

காட்டுயிர் லென்ஸ் என்று விற்கிற எதன் விளம்பரத்தையும் எடுத்துப் பாருங்கள். 400, 500, 600, 800 என்று எட்டுகிற தூரம்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். எவ்வளவு கிட்டே வரை தெளிவாகப் பார்க்கும் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எடை, நீளம், ஃபில்டர் அளவு எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கும் பட்டியலில் ஒரு மூலையில் ஒற்றை வரி: மினிமம் ஃபோக்கஸ் 2.8 மீட்டர். சிலதில் 3.5. சிலதில் 4.5. நீலகிரியில் படம் எடுக்கிறவர்களுக்கு அந்த ஒற்றை வரிதான் தலையெழுத்து. அதைக் கடைக்காரர் சொல்வதில்லை, லென்ஸ் விமர்சனம் செய்கிறவர்கள் சொல்வதில்லை. கடன் வாங்கி, தவணை கட்டி லென்ஸை மலைக்குக் கொண்டுவந்த பிறகு, மலைதான் சொல்கிறது.

சமவெளியில் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்றால் நாரை எங்கோ நடுவில் கருவேல மரத்தின் மேல் இருக்கும். அங்கே எவ்வளவு எட்டினாலும் போதாது. 600 வேண்டும், 800 இருந்தால் இன்னும் நல்லது. முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்திப் புள்ளிமானை எடுக்கிறவருக்கும் அப்படித்தான். ஆனால் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்துச் சோலைகளும் தேயிலைத் தோட்டங்களும் அப்படிப்பட்ட இடங்கள் இல்லை. இங்கே பார்வை நீளவே நீளாது. சோலைக்குள் போனால் பத்தடிக்கு அப்பால் கொடியும் பாசியும் கிளையுமாக அடைத்துக்கொண்டிருக்கும். நமக்குத் தெரிகிற எதுவும் கிட்டேதான் இருக்கும். நம்மூர் உயிர்களில் பலவும் சின்னஞ்சிறியவை, பல ஆளைக் கண்டு பெரிதாகப் பயப்படாதவை.

கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாத பறவை. அலகிலிருந்து வால் வரை அளந்தாலும் 13 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆணுக்குத் தலையும் சிறகும் கரி நிறம், மற்ற உடம்பெல்லாம் பழுத்த ஆரஞ்சு. கோத்தகிரி லாங்வுட் சோலையிலோ ஊட்டி கெய்ர்ன் ஹில் பாதையிலோ அசையாமல் நின்றால் போதும். முழங்கால் உயரக் குச்சியில் வந்து உட்காரும், தரைக்கு இறங்கி ஒரு பூச்சியை எடுக்கும், அடுத்த குச்சிக்குத் தாவும். அந்த அடுத்த குச்சி பெரும்பாலும் நமக்கு இன்னும் கிட்டே இருக்கும். மூன்று மீட்டரில் இருந்தது இரண்டு மீட்டருக்கு வந்துவிடும். கண்ணுக்கு மேலே இருக்கிற மெல்லிய இறகு ஒவ்வொன்றும் வெறுங்கண்ணுக்கே தெரியும். கேமராவைத் தூக்குகிறோம். லென்ஸ் கிர்ர் என்று ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடுகிறது, திரும்பி ஓடுகிறது, ஒரு ஆரஞ்சுக் கறையைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பறவை அங்கேயேதான் இருக்கிறது. பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலையைக் கைக்கு எட்டாத தூரத்தில் போட்டால் வயிறு எப்படி எரியும், அப்படி எரிகிறது.

பின்னால் போனால் ஆயிற்று என்பார்கள். எங்கே போவது? தேயிலைத் தோட்டத்து நடைபாதையைப் பார்த்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். சரிவில் வெட்டிய பாதை, ஓராள் நடக்கிற அகலம். இடுப்பு உயரத்துக்குக் கவாத்து செய்த செடிகள் இரண்டு பக்கமும் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒரு பக்கம் மேட்டுச் சுவர், மறுபக்கம் சரிவு. மழைக்காலமானால் மண் சறுக்கும், செருப்புக்குள் அட்டை ஏறும். கேமராவில் கண்ணை வைத்தபடி இரண்டு எட்டுப் பின்வாங்கினால் கால் எங்கே விழும் என்று தெரியாது. சாயங்காலமானால் இன்னொரு பயம் உண்டு. குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் காட்டுமாடு மேய வரும் நேரம் அது. வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரை இருக்கும். சின்னப் பறவை ஒன்றுக்காகப் பின்பக்கம் பார்க்காமல் நகர்கிற மனிதன் அதன் வழியில் போய் நிற்கக் கூடாது. காட்டுமாட்டை எடுக்க நீள லென்ஸ் வேண்டும், தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. நான் பேசுவது கிட்டே வந்தால் எந்த ஆபத்தும் இல்லாத உயிர்களைப் பற்றி.

ஒருமுறை குன்னூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில், வேலியிலிருந்து இறங்கி வந்த நீலகிரிச் சிரிப்பான் பறவைக்காக நான் பின்வாங்கிக்கொண்டே போனதைக் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் கையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, அது ஆசையா கிட்ட வருது, நீங்க பின்னாடி பின்னாடி போறீங்க?" என்றார். லென்ஸ் கிட்டத்தில் பார்க்காது அக்கா என்றேன். "இத்தாம் பெருசுக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. லென்ஸ் செய்கிறவர்களிடம் நான் கேட்க நினைப்பதும் அதுதான்.

அந்த எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கேனானின் 400 மி.மீ. எஃப் 5.6, 1993-ல் வந்தது. பறக்கிற பறவைக்கு இதைவிட வேகமான, லேசான லென்ஸ் அந்த விலைக்குக் கிடையாது என்று பேர் வாங்கியது. கிட்டத்து எல்லை 3.5 மீட்டர். சிக்மா 150-600 கன்டெம்பரரி 2.8 மீட்டர். சோனி 200-600 2.4 மீட்டர். நிக்கான் 200-500 2.2 மீட்டர். கேனான் 600 எஃப் 4-இன் இரண்டாம் பதிப்பு 4.5 மீட்டர். 2020-ல் ஏழைக்கும் எட்டும் டெலி என்று வந்த கேனான் ஆர்எஃப் 800 எஃப் 11-க்கு 6 மீட்டர். ஆறு மீட்டர்! லாங்வுட் சோலைப் பாதையில் ஆறு மீட்டருக்குத் தடையில்லாமல் பார்வை போகிற இடங்களை விரல் விட்டு எண்ணலாம்.

இந்தத் தூரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து இல்லை. கேமராவின் மேல்பக்கம் ஒரு வட்டத்தைக் குறுக்கே கோடு வெட்டிய குறி இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அது. அங்கிருந்துதான் அளவு. ஆக லென்ஸ் நீளமாக நீளமாக, முன்கண்ணாடிக்கும் பறவைக்கும் நடுவே இருப்பது பட்டியலில் உள்ள எண்ணைவிடக் குறைவு. இது நமக்குச் சாதகமான விஷயம்தான். ஆனால் இன்னொரு விஷயம் சாதகமில்லை: ஃபோக்கஸ் லிமிட்டர் பொத்தான். நிக்கான் 200-500-இல் அதை ஒரு பக்கம் தள்ளினால் 6 மீட்டருக்கு இந்தப் பக்கம் லென்ஸ் தேடவே தேடாது. தூரத்துப் பறவைக்கு வேகம் கிடைக்க அது நல்ல ஏற்பாடு. பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டு நகர்ந்துவிட்டதென்றால் இருக்கிற கொஞ்ச எல்லையும் போய்விடும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதில் காரணம் இல்லாமல் இல்லை. கிட்டே இருக்கிற பொருளுக்கு ஃபோக்கஸ் செய்யக் கண்ணாடியைச் சென்சாரிலிருந்து முன்னே தள்ள வேண்டும். குவியத் தூரம் கூடக்கூட, தள்ள வேண்டிய தூரமும் கூடும். 600 மி.மீ. லென்ஸில் பொருளின் பிம்பம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழ வேண்டுமென்றால் மொத்தக் கண்ணாடியையும் 120 மில்லிமீட்டர் முன்னே நகர்த்த வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடியை எந்த மோட்டாரும் பறவையின் வேகத்துக்குத் தள்ளாது. அதனால் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடித் தொகுப்பை மட்டும் நகர்த்துகிறார்கள். அப்படி நகர்த்தும்போது லென்ஸின் குவியத் தூரமே குறைந்துவிடுகிறது. சிக்மா 150-600 தன் 2.8 மீட்டர் எல்லையில் தருகிற பிம்ப அளவு 0.2. மெல்லிய லென்ஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அந்த இடத்தில் அது 600 இல்லை, தோராயமாக 390-தான். வளையத்தில் 600 என்றே எழுதியிருக்கும். எல்லா உள்ஃபோக்கஸ் லென்ஸிலும் கூடவோ குறையவோ இது நடக்கிறது, யாரும் ஏமாற்றவில்லை. வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் என் வழக்கு.

இன்னும் கிட்டே கொண்டுவந்தால் உள் தொகுப்பு நீளமாக ஓட வேண்டும், ஆட்டோ ஃபோக்கஸ் மெதுவாகும், தூரத்துக்கென்று திருத்தி வைத்த கூர்மை கிட்டத்தில் கலங்கும், எடையும் விலையும் ஏறும். பொறியாளர்கள் எங்கேயோ ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது. அவர்கள் கண் முன்னால் இருப்பது ஆப்பிரிக்கப் புல்வெளியும் விளையாட்டு மைதானமும் என்பது போட்ட கோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. வெப்பமண்டலச் சோலைக்குள் மஞ்சில் நனைந்து நிற்கிறவன் அந்தக் கணக்கில் வரவில்லை.

மஞ்சைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. நீலகிரியில் வருஷத்தில் பல நாள் பகல் பன்னிரண்டுக்குப் பிறகு மஞ்சு இறங்கிவிடும். இருபது மீட்டரில் இருக்கும் சில்வர் ஓக் மரமே சாம்பல் கோடாகிவிடும். அந்த நேரத்தில் நீள லென்ஸை வைத்துத் தூரத்தில் எதை எடுத்தாலும் நிறமும் இருக்காது, கூர்மையும் இருக்காது. இடையில் இருக்கிற ஈரக் காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். தெளிவாக இருப்பது இரண்டு மூன்று மீட்டருக்குள் இருப்பது மட்டும்தான். அது தெளிவாக இருப்பதோடு, சுற்றிலும் வெள்ளைத் திரை கட்டிய மாதிரி மென்மையான வெளிச்சத்திலும் இருக்கும். இந்த மலையில் படம் எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் இல்லை என்றே சொல்வேன். அந்த வெளிச்சம் விழுகிற தூரத்தில்தான் நம்முடைய லென்ஸ்கள் கைவிரிக்கின்றன.

பறவையாவது எல்லைக்கு வெளியே நின்றால் பரவாயில்லை. 13 சென்டிமீட்டர்ப் பறவை 0.2 அளவில் 26 மில்லிமீட்டராக விழும், 36 மில்லிமீட்டர்ச் சென்சாருக்கு அது தாராளம். மற்றவற்றின் கதி என்ன? மழை தொடங்கினதும் புதர்களில் டிக் டிக்கென்று கூப்பிடுகிற புதர்த்தவளைகள் இருக்கின்றன, ராவோர்கெஸ்டஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. கோயம்புத்தூரில் பிறந்த தவளையியல் முன்னோடி சி. ஆர். நாராயண ராவின் பெயரால் 2010-ல் அந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார்கள். தலைப்பிரட்டையாக நீந்துகிற கட்டமே இல்லாமல், முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளியே வருகிறவை. சில இனங்கள் இரண்டு சென்டிமீட்டரைத்தான் தொடும். அதைச் சிக்மாவின் கடைசி எல்லையில் எடுத்தால் பிம்பம் 4 மில்லிமீட்டர், படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. பழைய கேனான் 400-இல் பிம்ப அளவு 0.12, தவளை இரண்டரை மில்லிமீட்டர்கூட வராது. அதன் கண்ணைச் சுற்றி இருக்கிற அழகான கோடுகள் எங்கே தெரியப் போகின்றன?

தேயிலை வேலியில் வெயில் காய்கிற நீலகிரி ஓணான், முதுகில் முள்வரிசையோடு பச்சைப்பசேல் என்று இருக்கும்; அறிவியல் பெயர் ஸாலியா ஹார்ஸ்ஃபீல்டி. கண்ணுக்குக் கீழே வாயோரமாக வெள்ளைப் பட்டை ஓடும். அதை மூன்று மீட்டரில் பார்த்தால் பச்சைக்குள் பச்சை. ஒன்றரை மீட்டரில் பார்த்தால்தான் அதன் முகம் தெரியும், ஒன்றரை மீட்டர் வரை அது நம்மைப் பொறுத்துக்கொள்ளும். அரை மீட்டருக்குப் போனால் இலைக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு ஒளிந்துவிடும். நீலகிரி வரியன் வண்ணத்துப்பூச்சியும் அப்படித்தான். பூவில் இருக்கும்போது ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர். அதற்குள் போனால் சிறகடித்துவிடும். பாம்பில் குதிரைலாடக் குழிவிரியன் இருக்கிறது. அதன் கிட்டே யாரும் போகவே கூடாது. அப்போதுகூட மூன்று மீட்டரில் நின்று அதன் செதிலைக் கூர்மையாக எடுக்கிற லென்ஸ் இருந்தால் எந்த அசட்டுத் துணிச்சலுக்கும் வேலையில்லை.

மேக்ரோ வாங்கிக்கொள் என்று சொல்கிறவர்கள் இந்த இடைத்தூரத்தைப் புரிந்துகொள்ளவில்லை. 100 மி.மீ. மேக்ரோவை வைத்துத் தவளையை முழு அளவில் எடுக்க வேண்டுமானால் அதன் மூக்குக்கு அருகில் போய்க் குனிய வேண்டும். அது குதித்துவிடும். ஓணானும் வண்ணத்துப்பூச்சியும் போய்விடும். நீள மேக்ரோ என்று ஒரு நல்ல வகை இருந்தது. நிக்கானின் 200 மி.மீ. மைக்ரோ 1993-ல் வந்தது, கேனானின் 180 மி.மீ. மேக்ரோ 1996-ல் வந்தது. பொருளின் முழு அளவையும் தரும், கொஞ்சம் இடைவெளியும் விடும். இரண்டும் இப்போது உற்பத்தியில் இல்லை. மிரர்லெஸ் கேமராக்களுக்குக் கேனானோ நிக்கானோ அந்த இடத்தை நிரப்பி ஒன்றும் செய்யவில்லை; 100, 105 மி.மீ.யோடு நிறுத்திக்கொண்டார்கள். அதோடு, சோலைத் தூறலில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் என்ன ஆகும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஈரம் உள்ளே போகும். ஆடி மாதத்தில் ஒரு நனைவு போதும், கார்த்திகைக்குள் கண்ணாடிக்குள்ளே பூஞ்சை நூல் விட்டிருக்கும். சிலிகா ஜெல் போட்ட டப்பாவும் மின்சார உலர்பெட்டியும் வைத்திருக்கிறவர்கள்கூட அந்தப் பூஞ்சையிடம் லென்ஸை இழந்திருக்கிறார்கள்.

ஒட்டுப்போடும் வழிகள் உண்டு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப்: 25 மி.மீ. டியூபை 600 மி.மீ. லென்ஸில் போட்டால் பிம்ப அளவில் 0.04, 0.06 என்று கொசுறுதான் கூடும். 400-இல் போட்டால் கொஞ்சம் நல்ல பலன் தெரியும். ஆனால் சுமார் ஏழு மீட்டருக்கு அப்பால் எதற்கும் ஃபோக்கஸ் ஆகாது. அந்த நேரம் பார்த்துத்தான் மரத்தின் மேல் மலையணில் ஓடும். டெலி கன்வெர்ட்டர் இதைவிட மேல். 1.4 கன்வெர்ட்டர் கிட்டத்து எல்லையை மாற்றாது, பிம்பத்தை 0.2-லிருந்து 0.28-ஆக ஆக்கும். ஆனால் எஃப் 6.3 என்பது எஃப் 9 ஆகிவிடும். சோலைக்குள் ஏற்கெனவே ஐஎஸ்ஓ 6400-ல் நடுங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொரு படி வெளிச்சம் எங்கிருந்து வரும்?

முன்கண்ணாடியில் திருகுகிற குளோஸ் அப் லென்ஸைச் சொல்வார்கள். கேனானின் 500டி உண்மையிலேயே நல்ல பொருள், இரண்டு கண்ணாடி ஒட்டியது, கூர்மை கெடாது. ஆனால் அதை மாட்டினால் அரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. கழற்றினால் 2.8 மீட்டருக்கு இப்பால் எதுவும் தெளியாது. அரை மீட்டருக்கும் இரண்டே முக்கால் மீட்டருக்கும் நடுவில்தான் எங்கள் மலையின் ஈப்பிடிப்பானும் ஓணானும் வரியனும் வாழ்கின்றன! போதாக்குறைக்கு 500டி-யை அதிகபட்சம் 77 மி.மீ. அளவில்தான் செய்தார்கள். சிக்மா கன்டெம்பரரி, நிக்கான் 200-500, சோனி 200-600 மூன்றுக்கும் முன்வாய் 95 மி.மீ.

இதெல்லாம் படம் எடுக்கிறவர்களின் வயிற்றெரிச்சல் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். லென்ஸின் குறை உயிர்களின் தலையில் போய் விடிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பல இடங்களில் பறவைப் படத்துக்கென்று மறைவிடம் கட்டுகிறார்கள். கிளையை எங்கே நடுகிறார்கள்? பறவைக்குப் பிடித்த இடத்தில் இல்லை, லென்ஸுக்குப் பிடித்த தூரத்தில். அங்கே புழுவைப் போட்டு, தன் புதரை விட்டு வெளியே வராத பறவையை வெட்டவெளிக்கு இழுக்கிறார்கள். நீலகிரிச் சோலைக்கிளியை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர், நீலக் கழுத்தும் விலாவில் செந்தவிட்டு நிறமும் கொண்ட சின்னப் பறவை. விடியற்காலையிலும் அந்தியிலும் சோலைத் தரையில் சருகைக் கிளறித் தின்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள உச்சிச் சோலைகளை விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் செம்பட்டியலில் இருக்கிறது. வி. வி. ராபினும் அவருடைய கூட்டாளிகளும் மரபணுவை ஆராய்ந்து, சோலையின் பெயரையே வைத்து அதற்கு 2017-ல் தனிப் பேரினம் கொடுத்தார்கள். அந்தப் பறவை தானாகவே காலடிக்கு வருகிறது. அதை இருந்த இடத்திலேயே எடுக்கிற லென்ஸ் கையில் இருந்தால், அதன் குரலைப் பதிவு போட்டு அலைக்கழிக்கவும் புழு போட்டு நகர்த்தவும் யாருக்கும் தேவை வராது.

தவளை விஷயம் இன்னும் மோசம். லென்ஸுக்கு வாகான இலையில் இல்லையென்று தவளையைக் கையால் பிடித்து வேறு இலையில் வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். தவளை தோலாலும் மூச்சு விடுகிற உயிர். அந்தத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரு தவளையைத் தொட்ட கையால் அடுத்ததைத் தொடுவது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

முடியாததையா கேட்கிறேன்? கேனானே 2014-ல் 100-400-இன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது, முந்தைய பதிப்பில் 1.8 மீட்டராக இருந்த எல்லையை 98 சென்டிமீட்டருக்கு இறக்கினார்கள். பிம்ப அளவு 0.31. உள்ளே குவியத் தூரம் பாதிக்கும் கீழே சுருங்குகிறது, சுருங்கட்டும். தவளை படத்தில் தெரிகிறது, ஓணானின் முகம் தெரிகிறது. ஆர்எஃப் 100-500 இன்னும் ஒரு படி மேல். நிக்கானின் 300 பிஎஃப்பும் ஒலிம்பஸின் 300 எஃப் 4-உம் 1.4 மீட்டர் வரை வருகின்றன. இந்த மலையில் ஒருவர் காட்டுயிர்ப் படம் தொடங்குகிறேன் என்று வந்தால், 600-ஐ மறந்துவிட்டு இந்த வகையில் ஒன்றை வாங்கச் சொல்வேன். எட்டாத 200 மி.மீ.க்காக ஏங்குவதைவிடக் கிட்டே இருக்கிற ஒன்றரை மீட்டர் கைக்குள் இருப்பது மேல்.

மொபைல் செய்கிறவர்கள் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். ஷாவ்மி 13 புரோ-வில் டெலி லென்ஸுக்குள் நகரும் கண்ணாடி வைத்து 10 சென்டிமீட்டர் வரை ஃபோக்கஸ் கொடுத்தார்கள், அதையே விளம்பரத்தில் முன்னே வைத்தார்கள். சிம்ஸ் பூங்காவுக்கு வருகிற பிள்ளைகள் பூவில் இருக்கும் தேனீயை மொபைலில் எடுத்துக் காட்டுகிறார்கள். லட்ச ரூபாய் லென்ஸோடு நிற்கிறவருக்கு அந்தத் தேனீ வெறும் மஞ்சள் புகை.

மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். முதுமலையிலும் மற்றக் காடுகளிலும் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், 1996-ல் மறைந்தார். தனக்கு வேண்டிய கேமராவை வெவ்வேறு உதிரிகளைச் சேர்த்துத் தானே பூட்டிக்கொண்டு, அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பேரும் வைத்துச் சுமந்தார். துருத்தி வைத்த பழைய கேமராக்களிலும் அப்படி நாமே கைவைக்க முடியும்: எந்த லென்ஸானாலும் துருத்தியை இழுத்தால் கிட்டத்துக்கு வந்துவிடும். இன்று எல்லாம் மூடிய பெட்டி. நாமாக எதையும் இழுக்க முடியாது. தொழிற்சாலையில் போட்ட கோடுதான் கடைசி. அதனால்தான் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் நமக்கும் ஒரு வார்த்தை இருக்க வேண்டும் என்கிறேன்.

நான் லென்ஸ் வாங்கப் போன கடையில், "சார், இதுல நிலாவே எடுக்கலாம்" என்றார்கள். கிட்டத்தில் எவ்வளவு என்று கேட்டதற்கு "அதெல்லாம் நல்லா வரும் சார்" என்றார்கள். பெட்டியில் அந்த எண் இல்லை. உறையின் மேல் 600 இருக்கிறது, எஃப் எண் இருக்கிறது, அதே எழுத்தில் "2.8 மீ" என்றும் "0.2" என்றும் போட என்ன செலவு? அதைப் போடட்டும். விமர்சனம் எழுதுகிறவர்கள் நிலாவையும் தூரத்துக் கழுகையும் எடுத்துக் காட்டுவதோடு, இரண்டு மீட்டரில் ஒரு தேயிலைக் கொழுந்தையும் எடுத்துக் காட்டட்டும். அதுவரை வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு காரியம் செய்யுங்கள். பேனா மூடியை மேஜை மேல் வையுங்கள். ஜூமைக் கடைசி வரை திருகி, மூடி தெளிவாகும் வரை பின்னால் நடங்கள். எத்தனை எட்டு வைத்தீர்களோ அத்தனை எட்டு இடம் நீங்கள் போகப்போகிற சோலைப் பாதையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா என்று யோசித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.